திருப்பாதிரிப்புலியூரில் பழைய வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் யாரை வைத்துச் சோதிப்பது?

நெல்லிக்குப்பத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் நெல்லிக்குப்பம். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஆஸ்பத்திரியும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்தில் இருக்கட்டும் என்று கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 1,400 சதுர அடி மனை. கீழ்வீடு 1998-ல் கட்டியது, மாடியில் ஒரு ஹாலும் ரூமும் பாத்ரூமும் 2009-ல் எடுத்ததாம். ஓனர் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார், கொஞ்ச காலம் வாடகைக்கு விட்டிருந்தார்கள், இப்போது காலி. விலை 68 லட்சம் சொல்கிறார்கள், 65-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார் புரோக்கர்.

வீடு பார்க்க நன்றாகவே இருக்கிறது, எனக்கு இடிப்பதே அதுதான். உள்ளேயும் வெளியேயும் புதுப் பெயின்ட், வாசனைகூடப் போகவில்லை. ஆனால் சமையலறைப் பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை அந்தப் புதுப் பெயின்ட்டே கொப்பளித்து நிற்கிறது, விரல் வைத்தால் பூச்சு மாவாக உதிர்கிறது. மாடி பாத்ரூமுக்கு நேர்கீழே ஹால் சீலிங்கில் நாலடி அகலத்துக்குப் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள், வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் தெரிகிறது. படிக்கட்டுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு விரிசல். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. கேட்டால் "பழைய வீடுன்னா இதெல்லாம் இருக்கத்தான் சார் செய்யும், ஒரு கோட்டிங் பெயின்ட் அடிச்சா போச்சு" என்கிறார் புரோக்கர். பெயின்ட் அடித்த பிறகுதானே இப்படி இருக்கிறது.

வங்கியில் கேட்டேன், லோனுக்கு எங்கள் பேனல் இன்ஜினியர் வந்து பார்ப்பார், தனியாக ஆள் எதற்கு என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் நண்பன் ஒருவன் அங்கே வீடு வாங்கும்போது இன்ஸ்பெக்டர் வைத்து மேலிருந்து கீழ்வரை சோதித்து ரிப்போர்ட் வாங்கினானாம். நம் கடலூரில் அப்படி யார் இருக்கிறார்கள்? எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும், ஓனர் அதற்கு விடுவாரா? வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள், வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறதாம்.

சிவில்75:

முதலில் அட்வான்ஸை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். அந்த வேறு பார்ட்டி எல்லா வீட்டுக்கும் ரெடியாகத்தான் இருப்பார்.

பேனல் இன்ஜினியர் வருவது வங்கிக்காக. மனைக்கு என்ன விலை, கட்டடத்துக்கு வயது கழித்து என்ன மதிப்பு, பிளானில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா, நாளைக்கு நீங்கள் கட்டாவிட்டால் விற்று எடுக்க முடியுமா, இவ்வளவுதான் அவர் வேலை. பீமைத் தட்டிப் பார்ப்பதும் பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்ப்பதும் அவரிடம் கேட்கப்படவே இல்லை. அவர் ரிப்போர்ட்டை நம்பி வீடு வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், ஆனால் தப்பு அவர்மேல் இல்லை.

நம்மிடம் ஹவுஸ் இன்ஸ்பெக்டர் என்று சட்டம் போட்டு லைசென்ஸ் கொடுக்கும் தொழில் கிடையாது. பெரிய நகரங்களில் இதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் தேட வேண்டியது ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் அல்லது பொதுப்பணித்துறையில் இருந்து ரிட்டயர் ஆன, தளத்தில் நின்று வேலை பார்த்த இன்ஜினியர். கருவி வைத்து டெஸ்ட் செய்ய வேண்டுமென்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சிவில் அண்ட் ஸ்ட்ரக்சுரல் துறை, பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதிரியான இடங்களில் விசாரித்தால் யார் செய்கிறார்கள் என்று வழி தெரியும். ஒன்று மட்டும் கவனம், பார்க்க வருகிறவர் ரிப்பேர் கான்ட்ராக்ட் எடுப்பவராக இருக்கக்கூடாது. புரோக்கர் கூட்டிவரும் ஆளும் வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து, உங்களுக்கு மட்டும் பதில் சொல்கிற ஆள் வேண்டும்.

இனி நீங்கள் சொன்ன அடையாளங்களுக்கு வருகிறேன். சமையலறைச் சுவர் ஓதம் ஏறியது போலத்தான் இருக்கிறது. பேஸ்மட்டத்துக்கு மேல் டி.பி.சி., அதாவது ஈரம் ஏறாமல் தடுக்கும் பூச்சு, போடாமல் விட்டாலோ, போட்டது விட்டுப்போனாலோ, மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக ஏறும், ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது, பூச்சுக்குள் படிகமாகி அதை வெளியே தள்ளும். அதனால்தான் தொட்டால் உதிர்கிறது. எமல்ஷன் அடித்து மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். ஆனால் அந்த ஒரு சுவரில் மட்டும் இருந்தால் சிங்க் குழாய் உள்ளே கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும், அது சின்ன வேலை. மற்ற சுவர்களில் பீரோ, கட்டில், ஷோகேஸ் எதையாவது சாய்த்து வைத்திருந்தால் நகர்த்தச் சொல்லிப் பாருங்கள், காலி வீட்டில் ஒரு பீரோ மட்டும் நிற்கிறது என்றால் கட்டாயம் நகர்த்துங்கள்.

ஹால் சீலிங்தான் எனக்குப் பெரிய கவலை. கடலோரத்தில் கான்கிரீட்டுக்கு எமன் துரு. காற்றிலும் தண்ணீரிலும் வரும் குளோரைடு, அதாவது உப்பில் இருப்பது, உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும், அதனால் அடியில் இருக்கும் காரையை வெடித்துத் தள்ளும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி எம்30 வலு உள்ள கான்கிரீட்டும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரிங்கும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்) கேட்கிறது. 1998-ல் தெருவில் கட்டிய வீடுகளில் சிமென்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்ற கலவைதான் ஓடியது, அது எம்15 பக்கம் வரும், தளத்துக்கு 15, 20 மில்லிமீட்டர் கவரிங் இருந்தால் அதிர்ஷ்டம். உங்கள் ஊர்க் காற்று எல்லாத் தெருவிலும் தேவனாம்பட்டினம் கடற்கரை அளவுக்கு உப்பாக இருக்காது என்பது உண்மை. ஆனால் கரிக்கிற போர் தண்ணீரிலேயே கலவை போட்டு அதையே ஊற்றி நனைத்துக் கியூரிங்கும் செய்திருந்தால் உப்பு பிறக்கும்போதே உள்ளே போயிருக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அதே தர நிர்ணயம்தான். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுங்கள், குளோரைடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

ஏணி போட்டு ஏறி ஒரு சின்னச் சுத்தியலால் சீலிங்கை அங்கங்கே தட்ட வேண்டும். கெட்டியாகக் கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் காரை கம்பியை விட்டு விலகியிருக்கிறது. படிக்கட்டின் அடியில் விரிசல் நீளவாக்கில், கம்பி ஓடும் திசையில் இருக்கிறது என்கிறீர்கள், அதுவும் துருவின் கையெழுத்தாக இருக்கலாம். அதுவே குறுக்காக, படி திரும்பும் இடத்தில் இருந்தால் வேறு கதை, அங்கே வலுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

டெஸ்ட் என்று போனால் எல்லோரும் முதலில் ரீபவுண்ட் ஹேமர் கொண்டுவருவார்கள். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் அளக்கும். பழைய கான்கிரீட் கார்பனேஷன் ஆகியிருந்தால், அதாவது காற்றின் கரியமில வாயு ஏறிக் காரம் போயிருந்தால், மேல்தோல் கெட்டியாகி, உள்ளே சுமாராக இருந்தாலும் நல்ல நம்பர் காட்டும். பூச்சின்மேல் வைத்து அடிப்பவராக இருந்தால் காசு கொடுக்காமல் அனுப்பிவிடலாம். உங்கள் வீட்டுக்குப் பயன்படுவது இரண்டு. சின்ன இடத்தில் காரையை உடைத்து, உடைத்த புதுப் பரப்பில் பினாப்தலின் தெளிப்பது ஒன்று. இளஞ்சிவப்பானால் கான்கிரீட்டில் காரம் இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறம் மாறாமல் நின்றால், அந்த ஆழம் கம்பி வரை போயிருந்தால், பாதுகாப்பு போய்விட்டது. இன்னொன்று ஹாஃப் செல், கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனை. மைனஸ் 350 மில்லி வோல்ட்டைத் தாண்டிக் காட்டும் இடங்களில் கம்பி துருவேறிக்கொண்டிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

மாடியைப் பற்றி ஒன்று. 1998-ல் பில்லர் கம்பியை மேலே நீட்டி விட்டுவிட்டு 2009-ல் அதன்மேலேயே கட்டியிருந்தால், பதினோரு வருடம் உப்புக் காற்றில் நின்ற கம்பி அது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்தார்களா, அப்படியே கலவையில் புதைத்தார்களா என்பது யாருக்கும் தெரியாது. மாடி பில்லர்கள் தரையோடு சேரும் இடத்தில், முதல் ஒரு அடியில், செங்குத்தாக விரிசலோ பழுப்புக் கறையோ இருக்கிறதா பாருங்கள். கீழ்வீட்டில் பில்லரே இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவர்மேல் தளம் நின்றால், அப்போது கடக்கால் (அஸ்திவாரம்) மாடிக்கும் சேர்த்துப் போட்டதா என்று ஓனரிடம் நேராகக் கேட்க வேண்டும்.

முதுநகர் மேஸ்திரி:

இன்ஜினியர் சார் சொல்வதெல்லாம் சரி, ஆனால் 27 வருட வீட்டுக்கு இத்தனை டெஸ்ட் எதற்கு? பழைய வீடு வாங்குகிறவன் மண்ணைத்தான் வாங்குகிறான். அந்தத் தெருவில் சதுர அடி 3,500 போகிறது என்று வைத்துக்கொண்டால் மண்ணுக்கே 49 லட்சம். மிச்சம் 16 லட்சம் கட்டடத்துக்குக் கேட்கிறார்கள். அதைக் கொடுக்காதே, அவ்வளவுதான் விஷயம். ஒரு நல்ல மேஸ்திரியைக் கூட்டிப்போனால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவான், டெஸ்டுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு ரூமுக்கு டைல்ஸ் போட்டுவிடலாம்.

இன்னொன்று, எல்லா விரிசலுக்கும் பயப்படாதீர்கள் தம்பி. பீமுக்கு அடியில் சுவர் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடும் கோடு எல்லா வீட்டிலும் வரும், கான்கிரீட்டும் செங்கல்லும் ஒரே மாதிரி நீளாது, கோழி வலை அடித்துப் பூசியிருந்தால் வந்திருக்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படி படியாக இறங்கி, வெளிப்பக்கமும் அதே இடத்தில் தெரிந்தால் அதுதான் கடக்கால் இறங்கிய விரிசல். கெடிலம் ஓரத்துக் களிமண்ணில் இது சகஜம், கேப்பர் மலைப் பக்கம் செம்மண்ணில் அவ்வளவாக வராது.

சிவில்75:

மேஸ்திரி போட்ட கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, நானும் அங்கேதான் வருகிறேன். கேள்வி வீடு நல்லதா கெட்டதா என்பது இல்லை, 16 லட்சத்துக்கு அங்கே கட்டடம் இருக்கிறதா என்பதுதான். ஆனால் வயதான அப்பா அம்மா உடனே குடிபோகப் போகிறார்கள், இடித்துக் கட்டுகிற திட்டம் அவர்களிடம் இல்லை. ஹால் சீலிங் அவர்கள் தலைக்கு மேல் இருக்கிறது. இடிக்கிறதாக இருந்தால் இடிக்கும் கூலி, குப்பை அள்ளும் லாரி, கட்டி முடிக்கும் வரை வேறு வீட்டுக்கு வாடகை, எல்லாம் மண் விலைக்கு மேல் ஏறும், அப்போது அந்த 16 லட்சம் சைபரும் இல்லை, மைனஸ்.

மேஸ்திரியைக் கூட்டிப்போவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூச்சு, மொட்டை மாடித் தட்டோடு, அதன் சுருக்கிக் கலவை, கதவு நிலை, கரையான் எல்லாம் அவர் கண்ணுக்குத்தான் சீக்கிரம் படும். கம்பி மட்டும் யார் கண்ணுக்கும் படாது.

புதுவைக் காற்று:

நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. போன வருடம் வீடு தேடும்போது இதே ரோதனைதான். எங்கள் பக்கம் இன்னொரு தினுசு இருக்கிறது, மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகள், மரத் துலாம் வைத்து மேலே செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம். அங்கே கம்பி பிரச்சினை கிடையாது, துலாம் சுவருக்குள் புதைகிற முனையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தால் உளுத்துப்போனது தெரிந்துவிடும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசி "ரெனவேட்" செய்த வீடுகளை நான் கதவோடு திரும்பி வந்துவிடுவேன், சுண்ணாம்பு விடும் மூச்சை சிமென்ட் அடைத்துவிடும், இடுப்பளவு இருந்த ஓதம் தோளுக்கு ஏறும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. யாருமே தண்ணீரைப் பற்றிப் பேசவில்லையே? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் எப்படி இருந்தது என்று எல்லோரும் பார்த்தோம், அதே நேரம் லாஸ்பேட்டை, கோரிமேடு மேட்டில் இருந்தவர்கள் ரோட்டில் நடந்து போய்ப் பால் வாங்கினார்கள். கடலூருக்கு அதற்கு அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. மழை நின்ற பிறகு வந்த வெள்ளம் அது. 2015 வெள்ளத்தையும் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வீடு கெடிலத்தின் எந்தப் பக்கம், ஆற்றிலிருந்து எத்தனை தெரு தள்ளி?

வீட்டில் தண்ணீர் ஏறியதா என்பதை ஓனர் சொல்ல மாட்டார், வீடே சொல்லும். புதுப் பெயின்ட் அடிப்பவர்கள் காம்பவுண்டு சுவரின் பின்பக்கத்தையும் கக்கூஸ் டேங்க் பக்கத்தையும் விட்டுவிடுவார்கள், அங்கே ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா பாருங்கள். ஈ.பி. மீட்டர் பெட்டியை மேலே தூக்கி மாற்றியிருந்தால், பழைய பெட்டி இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை இருக்கும். மரக் கதவின் அடிப்பாகம் மட்டும் புதிதாகத் தகடு அடித்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அப்புறம் தெருமுனை டீக்கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். "இந்தத் தெருவில் தண்ணி நிக்குமா" என்று கேட்டால் ரோஷத்தில் இல்லை என்பார்கள். "ஃபெஞ்சலுக்கு எதுவரைக்கும் வந்துச்சு" என்று கேளுங்கள், முழங்காலைத் தொட்டே காட்டுவார்கள்.

ரோடு மட்டமும் முக்கியம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, கட்டும்போது மூன்று படி ஏறிப்போன வீடுகள் இப்போது ஒரு படி இறங்கிப் போகின்றன. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்கள் நம் பக்கம் வந்துபோகிறார்கள்தான், ஆனால் துருவேறிய பழைய வீட்டை ஜாக்கியில் ஏற்ற எனக்குத் தைரியம் வராது.

வயர்மேன்:

ரெண்டே விஷயம். டி.பி. பெட்டியை (மின்சாரம் பிரியும் பெட்டி) திறந்து பாருங்கள், ஷாக் அடித்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா. 1998 வீட்டில் அது பெரும்பாலும் இருக்காது, மாடி எடுத்தபோதும் கீழ் ஒயரிலிருந்தே இழுத்திருப்பார்கள். எர்த் கம்பி உப்பு மண்ணில் அரித்துப் போயிருக்கும், மேலே பார்க்கப் பச்சை ஒயர் போகும், கீழே மண்ணுக்குள் ஒன்றும் இருக்காது. ஓதம் ஏறிய சுவரில் சுவிட்ச் பாக்ஸ் இருந்தால் அதைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். வீட்டுக்கு முழு ஒயரிங் புதிதாகத்தான் போட வேண்டி வரும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள், ஏசி ரெண்டு போட்டால் பழைய ஒயர் தாங்காது.

மஞ்சக்குப்பம் வாசி:

கட்டடத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் தாளைப் பற்றி மட்டும். மாடி 2009-ல் எடுத்தது என்கிறீர்கள், அதற்குத் தனியாக பிளான் அப்ரூவல் இருக்கிறதா? அப்போது கடலூர் நகராட்சி, 2021-ல்தான் மாநகராட்சி ஆனது, பழைய அனுமதித் தாளைக் கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் வங்கி மாடியை மதிப்பில் சேர்க்காமல் விட்டுவிடக்கூடும், லோன் குறையும், அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து போடுவது நீங்கள்தான். சொத்து வரி ரசீதில் மாடி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வில்லங்கம் போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது, பதிவான பத்திரம் மட்டுமே அதில் வரும் என்பதை மறக்க வேண்டாம், மூலப்பத்திரத்தை அசலாகக் கையில் வாங்கிப் பாருங்கள். கோயில் இடமா என்பதையும் திருப்பாதிரிப்புலியூரில் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது, கோயில் நிலத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மாட்டார்.

சோதனைக்கு வருகிறேன். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்த ஓதத்துக்கும் விரிசலுக்கும் இது உதவாது, பார்த்துவிட்டுத்தானே வாங்கினீர்கள் என்பார்கள். அதனால் வெள்ளம் ஏறியதா, சீலிங் எதற்காகப் பூசப்பட்டது, எப்போது, என்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும், புரோக்கர் வாய்வழியாகச் சொல்வது கணக்கில் வராது. அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சின்னத் தொகை, அதையும் அக்ரிமென்ட்டில் "பொறியாளர் சோதனையில் கட்டமைப்புக் குறை தெரிந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். அந்த வரியைப் போட மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 65 லட்சத்துக்கு 5 லட்சத்து 85 ஆயிரம். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டியதும் வாங்குகிற உங்கள் பொறுப்பு, அதை ஓனருக்குக் கொடுக்கும் தொகையில் கழித்துக்கொள்ளலாம்.

நெல்லிக்குப்பத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பா நேற்றே போய் விசாரித்துவிட்டார். டீக்கடையில் ஃபெஞ்சலுக்குத் தெருவில் கணுக்கால் அளவு வந்ததாகவும் வீட்டுக்குள் ஏறவில்லை என்றும் சொல்கிறார்களாம், 2015-ல் உள்ளே வந்ததாம். காம்பவுண்டின் பின்பக்கம் கோடும் இருக்கிறது. ஓனருக்கு எழுதிக் கேட்டேன். சீலிங்கில் மாடி பாத்ரூம் கசிந்தது, போன வருடம் பாத்ரூமை வாட்டர்ப்ரூஃப் செய்துவிட்டோம் என்று பதில் வந்தது. கம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிதம்பரத்திலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரச் சம்மதித்திருக்கிறார். ஆனால் காரையை உடைத்துப் பார்ப்பது என்றதும் ஓனர் தயங்குகிறார், புதுப் பெயின்ட் வீணாகிவிடும், நீங்கள் வாங்காவிட்டால் நான் என்ன செய்வது என்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. உடைக்காமல் முடிவுக்கு வர முடியுமா?

சிவில்75:

அவர் கேட்பது நியாயம்தான். உடைத்த இடத்தை அதே நாளில் பாலிமர் மார்ட்டர் வைத்து அடைத்து, பட்டி பார்த்து, அதே நிறத்தில் பெயின்ட் அடித்துத் தருவது உங்கள் செலவு என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு இடம் போதும், உள்ளங்கை அகலம். ஒன்று அந்தப் பட்டி பார்த்த சீலிங்கில், இன்னொன்று படிக்கட்டின் அடியில் விரிசலுக்குப் பக்கத்தில். பெரும்பாலான ஓனர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

அதற்கும் விடவில்லை என்றால் உடைக்காமலே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். தட்டிப் பார்ப்பது முழு சீலிங்குக்கும், ஹாலுக்கு மட்டும் இல்லை. கவர் மீட்டர் வைத்தால் கம்பி எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று உடைக்காமலே தெரியும். மாடி பாத்ரூமில் தரைக் குழியை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் விடுங்கள், வாட்டர்ப்ரூஃப் செய்தது உண்மையா என்று அடுத்த நாள் ஹால் சீலிங் காட்டிக்கொடுக்கும். கசிவு நின்றிருந்தாலும் அது இருந்த வருடங்களில் கம்பிக்கு என்ன ஆனது என்பது தனிக் கேள்வி, அதற்கு உடைக்காமல் பதில் கிடையாது. பதில் கிடைக்காத கேள்விக்கு விலையில் இடம் விடுங்கள். ஹால் தளத்தையும் படிக்கட்டையும் பழுதுபார்க்க என்ன ஆகும் என்று வருகிற இன்ஜினியரிடமே எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி, ஒயரிங்கைச் சேர்த்து, அந்த 16 லட்சத்தில் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். 2015-ல் தண்ணீர் ஏறிய வீடு என்பதையும் அதே பேச்சில் வையுங்கள், பின்பக்கக் கோட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓதத்துக்கு உடனே ஒன்றும் செய்ய வேண்டாம். பூச்சை இடுப்பளவு உரித்துப்போட்டுச் சில மாதம் காயவிட்டு, பிறகு என்ன போடுவது என்று முடிவு செய்யலாம், விற்கிறவர் கடையில் காட்டும் கெமிக்கலை முதல் வாரமே பூசினால் பணம்தான் போகும்.

இன்ஜினியர் வரும் நாளில் அப்பாவிடம் பத்தடி ஏணி ஒன்றுக்கும் டார்ச்சுக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், மின்சாரமும் தண்ணீரும் அன்றைக்கு ஆன் ஆகியிருக்க வேண்டும் என்று ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலி வீட்டில் மோட்டார் ஓடாது, ஏணியும் இருக்காது, பாதி சோதனை அங்கேயே நின்றுபோகும்.

முதுநகர் மேஸ்திரி:

ஏணி என்னிடம் இருக்கிறது தம்பி, பன்னிரண்டடி. அப்பாவை அனுப்புங்கள், வாடகை வேண்டாம்.